வால் குழாயின் உள்விட்டம்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டீர்கள் என்றால் மீதியையும் படித்துவிடுங்கள்.

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கில்லை என்று சொல்வீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு பந்தய அணியில் என்னைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டி நூற்றிருபத்தைந்து சி.சி., டூ ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர். நம் பழைய வண்டியின் ரகம்தான். இன்ஜின் என் பொறுப்பு. அதில் குறை ஒன்றும் இல்லை.

புகைக்குழாய்தான் பிடிபடவில்லை. மூன்று செய்துவிட்டேன். மூன்றும் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றில் மட்டும் கத்துகின்றன, அதற்குக் கீழே வண்டி செத்துப்போகிறது. வளைவை விட்டு வெளியே வரும்போது ஓட்டுகிறவன் ஆக்சிலேட்டரை முறுக்குகிறான். ஒன்றும் நடப்பதில்லை. அப்புறம் திடீரென்று மொத்தமாக வந்து பின்சக்கரம் வழுக்குகிறது. முன்கூம்பு எவ்வளவு விரிய வேண்டும், வயிறு எவ்வளவு நீளம், பின்கூம்பு எவ்வளவு குறுக வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குக் கைப்பழக்கம். தகட்டை வெட்டுவதற்கு முன்பே உங்களுக்குச் சத்தம் கேட்டுவிடும். எனக்கு அது வராது.

குழாய் செய்து அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. வரைபடம் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு இடத்திலும் அளவு எழுதியிருக்கிறேன். எங்கே தப்பு என்று மட்டும் சொன்னால் போதும்.

மருமகன் எப்படி இருக்கிறான்? முழங்கால் மடங்குகிறதா?

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

‘அன்புள்ள’ போட எனக்குக் கை வரவில்லை. அது என்ன புதிதாக ‘நீங்கள்’? பல் முளைத்த நாளிலிருந்து என்னை வா, போ என்று கூப்பிட்டவன் நீ. மரியாதை கொடுத்தால் வேலை நடக்கும் என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

முழங்கால் மடங்கவில்லை. மடங்காது. உள்ளே ஒரு தகடும் எட்டுத் திருகாணியும் இருக்கின்றன. பட்டறை முன்னறையில் உட்கார்ந்து போன் எடுக்கிறான், யார் யாருக்கு என்ன அளவு என்று எழுதிக்கொள்கிறான். தெருவில் வண்டி உறுமினால் தலையைத் தூக்கிப் பார்ப்பான், மறுபடி குனிந்துகொள்வான். இருபத்து மூன்று வயது. கழிப்பறைக்குப் போக எழுந்தால்கூட நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவனுக்குக் கூச்சம்.

ஒன்றும் தெரியாதவன் மாதிரி விசாரிக்கிறாய், அதனால் ஞாபகப்படுத்துகிறேன். கார்புரேட்டரில் பெட்ரோல் விடுகிற ஜெட்டை நூற்றறுபத்திரண்டாம் நம்பரில் போட்டாய். பெட்ரோல் போதாமல் இன்ஜின் கொதித்தது. பதின்மூன்றாவது சுற்றில், நேர்பாதையின் கடைசியில், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு என் பிள்ளை தடுப்புச்சுவரில் போய் விழுந்தான். விசாரணைக் குழுவின் முன்னால் நின்று, இவன் குத்துமதிப்பாக ஜெட் போடுகிறவன் என்று நான்தான் சொன்னேன். உன் மெக்கானிக் உரிமத்தைப் பிடுங்கினார்கள். இன்றைக்குக் கூப்பிட்டாலும் போய்ச் சொல்வேன். உன்னை எந்த அணி சேர்த்துக்கொண்டது என்று தெரியவில்லை. பாவம், அவர்களுக்குக் காது கேட்காது போலிருக்கிறது.

வரைபடத்தைத் திருப்பி அனுப்புகிறேன். இப்படி ஒன்றை வீட்டில் வைத்திருக்க முடியாது. முன்கூம்பை எண்ணெய் ஊற்றுகிற புனல் மாதிரி வரைந்திருக்கிறாய். புகைக்குழாய் புகை போவதற்கு மட்டும்தான் என்று நினைக்கிறவன் பஸ் கழுவப் போகலாம். பந்தய வண்டியில் அது இன்ஜினின் பாதி. சிலிண்டர் வாசல் திறந்ததும் வெடித்த காற்று ஓர் அடியாக வெளியே பாய்கிறது. விரிகிற முன்கூம்பு அதை உறிஞ்சி இழுக்கிறது. இழுக்கிற வேகத்தில் எரியாத புதுக் கலவையும் கொஞ்சம் வெளியே வந்துவிடும். குறுகுகிற பின்கூம்பில் மோதிய அடி திரும்பி ஓடிவந்து, வாசல் மூடுவதற்குச் சற்று முன்னால், அந்தக் கலவையை உள்ளேயே திணிக்க வேண்டும். முந்தி வந்தாலும் வீண், பிந்தி வந்தாலும் வீண். குழாய் குட்டையாக இருந்தால் உச்சி வேகத்தில்தான் நேரம் பொருந்தும். கூம்புகள் செங்குத்தாக இருந்தால் அந்த ஒரே வேகத்தில் மட்டும் பொருந்தும். உன்னுடையது குட்டை, செங்குத்து, இரண்டும்.

சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். இதை உதவி என்று நினைத்துக்கொள்ளாதே. தப்பான அளவைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

இனிமேல் எழுதாதே.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் அளவில் ஒன்று செய்து மாட்டினோம். எட்டாயிரத்திலேயே வண்டி விழித்துக்கொள்கிறது. ஓட்டுகிற பையன் கீழே இறங்கி, குழாயைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

உரிமம் பற்றி எழுதியிருந்தீர்கள். என் பெயர் எந்தத் தாளிலும் கிடையாது. பின்னால் நின்று வேலை பார்க்கிறேன். பழகிவிட்டது.

ஒரு சந்தேகம். வரைபடத்தில் பதினாறு அளவுகள் எழுதியிருந்தேன். பதினைந்தைத் திருத்தியிருக்கிறீர்கள். இரண்டு இடத்தில் அரை மில்லிமீட்டருக்குக்கூட என்னைத் திட்டி எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் இருக்கும் வால் குழாயை மட்டும் தொடவில்லை. உள்விட்டம் இருபத்தொன்றரை மில்லிமீட்டர் என்று போட்டிருந்தேன். அது சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

நீங்கள் சொல்லிக்கொடுத்தவரை எனக்குத் தெரிந்தது இது: வாலைக் கொஞ்சம் குறுக்கினால் குழாய்க்குள் அழுத்தம் ஏறும், வேகமும் கூடும், கூடவே சூடும் ஏறும். எது வரைக்கும் குறுக்கலாம் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

குழுவின் தீர்ப்புத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘குத்துமதிப்பாக’ என்ற உங்கள் வார்த்தையை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள்.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

வாலை நான் கவனிக்கவில்லை. வயதாகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும். இதற்கு ஒரு கடிதமா?

இருபத்து நான்கு போடு. நான் எப்போதும் போடுவது அதுதான், உனக்குத் தெரியாதா? நூற்றிருபத்தைந்து சி.சி.க்கு இருபத்தொன்றரை போட்டால் சில சுற்றுக்குப் பறக்கும், அதற்குப் பிறகு சூடு போக வழியில்லாமல் பிஸ்டன் ஒட்டும். அந்த ஜெட்டோடு ஓட்டினால் நிச்சயமாக ஒட்டும். பட்டறையில் குப்பை கூட்டுகிறவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் சுவரில் அடித்துவிட்டு என் பெயரைச் சொல்லாதே.

தீர்ப்புத் தாளைப் பத்திரமாக வைத்திரு. சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

நீ இவ்வளவு தூரம் கேட்டதால் நானும் ஒன்று சொல்கிறேன். அம்மா கடைசி வாரத்தில் உன்னைக் கேட்டாள். “அவன் எங்கடி இருக்கான், ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்”னு தினமும் கேட்டாள். எங்கே இருக்கிறாய் என்று தெரியாது என்றேன். தெரியும். உன் முகவரி என் மேசை இழுப்பறையில் இருந்தது. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. என் பிள்ளை நடக்க முடியாமல் கிடக்கும்போது உனக்கு மட்டும் அம்மாவின் முகம் எதற்கு?

அக்கா


மார்ச் 10

அக்காவுக்கு,

அம்மா போனது எனக்கு அன்றைக்கே தெரியும். யார் சொன்னார்கள் என்று யோசித்துக்கொண்டிருங்கள். என்னைக் கேட்டாள் என்பது மட்டும் தெரியாது. அதை நீங்கள் சரியான இடம் பார்த்து வைத்திருந்து எடுத்திருக்கிறீர்கள். வலித்தது. உங்களுக்குத் திருப்தியாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது என் முறை.

மூன்று மாதத்துக்கு முன்பு எனக்கு ஒரு பார்சல் வந்தது. சாக்கில் சுற்றிய புகைக்குழாய். வயிற்றில் சுவரின் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருக்கிறது. அன்றைக்கு வண்டியில் இருந்த அதே குழாய். விசாரணைக் குழு கார்புரேட்டரைக் கழற்றியது, பிஸ்டனை மேசை மேல் வைத்துப் படம் எடுத்தது. குழாயை ஒருவரும் பார்க்கவில்லை. வாலின் வாயில் அளந்தால் இருபத்து நான்கு. நானும் அன்று காலை வெர்னியரை வைத்து அளந்தேன். இருபத்து நான்குதான். அதற்குத்தான் நூற்றறுபத்திரண்டு போட்டேன். குத்துமதிப்பாகப் போடவில்லை.

வாலை நீளவாக்கில் அறுத்தேன். வாயிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே இன்னொரு குழாய் செருகியிருக்கிறது. வெளியே இரண்டு துளை போட்டு, அவற்றின் வழியாகப் பற்றவைத்து, தெரியாமல் அரத்தால் ராவியிருக்கிறது. உள்ளே பற்றவைப்பு இடது பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது. இடது கையால் பற்றவைக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். உள்விட்டம் இருபத்தொன்றரை.

அதை வரைபடத்தில் எழுதி உங்களுக்கு அனுப்பினேன். அரை மில்லிமீட்டருக்குத் திட்டுகிறவர் அதை மட்டும் பார்க்காமல் கடந்துபோனீர்கள். அப்புறம் உங்கள் கையாலேயே எழுதிவிட்டீர்கள், அந்த ஜெட்டோடு ஓட்டினால் நிச்சயமாக ஒட்டும் என்று.

இரண்டு வருடம், அக்கா. நூற்றறுபத்தைந்து போட்டிருக்கலாமா, நூற்றறுபத்தெட்டு போட்டிருக்கலாமா என்று பல் துலக்கும்போது கணக்குப் போட்டிருக்கிறேன். பஸ்ஸில் நின்றபடி போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் காலை நான்தான் உடைத்தேன் என்று நம்பினேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று என்னைப் பார்த்து, “நீ செத்துப்போயிருக்கலாம்டா” என்று சொன்னீர்கள். நியாயம்தான் என்று நினைத்தேன்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நீங்கள் செய்தீர்களா, இல்லையா? உங்கள் எழுத்தில் வேண்டும்.

தம்பி


மார்ச் 17

டேய்,

உன் கடிதம் வந்ததும் பின்கட்டில் இரும்புக் குவியலைக் கிளறினேன். குழாய் இல்லை. பழைய இரும்பு எடுக்கிறவன் என்னிடமே வாங்கி உன்னிடமே விற்றிருக்கிறான். நல்ல ஊர், நல்ல மனிதர்கள்.

ஆமாம், நான்தான். எழுத்தில் வேண்டும் என்றாய், எடுத்துக்கொள்.

காலைப் பயிற்சியில் மற்ற வண்டிகள் நேர்பாதையில் நம்மை விட்டு ஓடின. நீயும் பார்த்தாய். ‘வளைவில் பிடிச்சுக்கலாம்’ என்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தாய். உனக்கு எப்போதும் அப்படி ஒரு நிதானம். தோற்றாலும் இன்ஜின் சுத்தமாக இருந்தால் போதும் உனக்கு. நான் வாலைக் குறுக்கினேன். தேர்வுச் சுற்றில் ஆறு சுற்று ஓட்டினான், பந்தயத்தில் முதல் வரிசையில் நிற்க இடம் கிடைத்தது. நீயே கை தட்டினாய். ஆறு தாங்கினது பதினாலும் தாங்கும் என்று நினைத்தேன். பந்தயம் உச்சிவெயிலில் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஆனால் முழுப் பழியும் என் தலையில் வேண்டாம். பந்தய நாளில் நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்கிற வழக்கமில்லை, பேசினால் சண்டைதான் என்று எதுவானாலும் அந்தந்தப் பாகத்தின் மேலேயே சாக்பீஸால் எழுதிவைப்போம். அன்றும் எழுதினேன். ‘ஜெட் இரண்டு நம்பர் பெரிசாகப் போடு’ என்று வால் குழாயின் மேலேயே எழுதினேன். வண்டியைப் புது மாப்பிள்ளை மாதிரி துடைத்துத்தானே நீ தொடக்கக் கோட்டுக்கு அனுப்புவாய்? படிக்காமல் துடைத்துவிட்டாய். நான் குறுக்கினேன், நீ துடைத்தாய். ஆளுக்குப் பாதி.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவன் கண் விழித்ததும், “ஏம்மா ஒட்டிச்சு?” என்றுதான் கேட்டான். எனக்கு யோசிக்க நேரமில்லை. அப்பா விட்டுவிட்டுப் போன பிள்ளை. மாமா இல்லாமல் அவனால் இருக்க முடியும், அம்மா இல்லாமல் முடியாது. அதனால் உன்னைக் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் சொன்னதும் அவன் காதில் விழ வேண்டும் என்றுதான். இன்னொரு தடவை அப்படி ஒரு நிலைமை வந்தாலும் உன்னைத்தான் கொடுப்பேன். உனக்கு என்ன போச்சு? உனக்கு இரண்டு காலும் மடங்குகிறது.

குழாயை உருக்கிவிடு. உன் உரிமத்துக்கு நான் குழுவிடம் வேறு விதமாகப் பேசிப் பார்க்கிறேன், ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். அவனிடம் மட்டும் வாயைத் திறக்காதே. நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்கிறேன்.

இரண்டு நாளாக அவன் வீட்டில் இல்லை. சிநேகிதன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னான். கால் வலி மாத்திரையை எடுத்துப்போகவில்லை. அந்தக் கவலை வேறு.

அக்கா


மார்ச் 24

உனக்கு,

சிநேகிதன் வீட்டில் இல்லை. இங்கே இருக்கிறான். மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

என்னை எந்த அணியும் சேர்க்கவில்லை. யாரும் சேர்க்கமாட்டார்கள். தண்ணீர் பம்ப் ரிப்பேர் செய்கிறேன். உனக்கு அனுப்பிய வரைபடம் நம் பழைய வண்டிக் குழாயுடையது. வால் அளவை மட்டும் உள்ளபடி விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கெடுத்து எழுதினேன். கெடுத்தபோது எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. உன்னை வெகு நாளாகத் தெரியும் எனக்கு.

பார்சல் அனுப்பியது பழைய இரும்புக்காரன் இல்லை. அம்மா போன அன்று எனக்குப் போன் செய்தவனும் உன் பிள்ளைதான், குவியலில் இருந்து குழாயை எடுத்துச் சாக்கில் கட்டியவனும் அவன்தான். பார்சல் வந்ததும் போன் செய்து, அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படிப் பின்கட்டுப் படியில் இறங்கினாய் என்று கேட்டேன். “வெட்டிப் பாருங்க மாமா. அம்மா கையால எழுதி வாங்குங்க. வேற எதுவும் வேணாம்” என்றான்.

உன் கடிதம் வந்ததும் அவனிடமே கொடுத்தேன். ஜன்னலோரம் நின்றபடி படித்தான். அழுதான் என்று எழுதினால் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அழவில்லை. சாக்பீஸ் வந்த இடத்தில் நிறுத்தினான். அந்தப் பகுதியை எனக்கு உரக்கப் படித்துக்காட்டினான். அதுவரை நான் உண்மையில் பயந்துகொண்டிருந்தேன், ஒருவேளை நான்தான் துடைத்தேனோ என்று. இரண்டு வருடப் பழக்கம், சட்டென்று போகவில்லை. அப்புறம் அவன் சொன்னது இது. அவன் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

“அன்னைக்கு வண்டியத் தொடச்சது நீங்க இல்ல மாமா. நீங்க அந்தப் பக்கம் பெட்ரோல்ல ஆயில் கலக்கிட்டிருந்தீங்க. நான்தான் தொடச்சேன். குழாய் மேல சாக்பீஸ் கீக்பீஸ் ஒண்ணும் இல்ல. வால் வாயில கரி இருந்துச்சுன்னு துணிய விரல்ல சுத்தி உள்ள விட்டேன். கொஞ்சம் போய் மாட்டிக்கிச்சு. ‘ஓட்டை சின்னதா இருக்கேம்மா’ன்னு கேட்டேன். ‘உன் விரல் பெருத்துப்போச்சு, போய் வண்டில ஏறு’ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், ஏன் ஒட்டியது என்று அவன் உன்னைக் கேட்டது தெரியாமல் கேட்டது இல்லை. நீ சொல்கிறாயா என்று பார்த்தான். அப்புறம் இரண்டு வருடம் தினமும் உன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன் என்கிறான். எனக்கு உன் எழுத்து கிடைத்தால் நிம்மதி வரும் என்று நினைத்தேன். எதுவும் வரவில்லை. குழுவுக்கு உன் கடிதத்தை அனுப்பப்போவதில்லை. படிக்க வேண்டியவன் படித்துவிட்டான்.

அவன் அங்கே வரமாட்டான். எக்ஸ்ரே படங்களையும் டாக்டர் சீட்டையும் இந்த முகவரிக்கு அனுப்பு. உறைக்குள் வேறு எந்தத் தாளும் வைக்க வேண்டாம் என்று எழுதச் சொன்னான்.